கலக்கக் கூடாது என்று கழற்றி வைத்த எட்டு ஜிபி

தாலி கட்டும் கை

நான் எடிட் செய்து அனுப்பிய கல்யாண வீடியோவில் தாலி கட்டும் கை வரவில்லை. கெட்டிமேளம் ஒலித்தது, அட்சதை விழுந்தது, பெண் தலையைக் குனிந்தாள். மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் பின்னால் போகும் நேரத்தில் காட்சி இரண்டாவது கேமராவுக்கு மாறி, யாரோ ஒரு மாமா கொட்டாவி விடுவதைக் காட்டியது.

எனக்கு வேலை தரும் ஸ்டுடியோவின் முதலாளி முரளி அண்ணா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏம்மா, படத்தப் பாத்து கட் பண்றியா, இல்ல மேளத்த மட்டும் கேட்டுக்கினு கட் பண்றியா?"

உண்மையில் மேளத்தைக் கேட்டுத்தான் செய்திருந்தேன். என் லேப்டாப்பில் கலர் சரிசெய்த பிறகு ஓட்டிப் பார்த்தால் சத்தம் போய்க்கொண்டே இருக்கும், படம் உறைந்து நின்றுவிட்டுப் பிறகு தாவும். அந்தத் தாவலில் கை போய்விட்டது.

அடுத்த கல்யாணத்தையும் இப்படிச் செய்தால் ஸ்டுடியோவுக்கே வந்து உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் என் மகளுக்கு இரண்டு வயது. நான் குளிக்கப் போனாலே கதவருகில் நின்று அழுவாள். ஸ்டுடியோவுக்குப் போவது என்றால் வேலையை விடுவது என்றுதான் அர்த்தம்.

பெரியதாக ஒன்று

என் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இல்லை, பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சொந்த மெமரி கிடையாது. லேப்டாப்பில் இருக்கும் ராம் மெமரியைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இருந்ததோ எட்டு ஜிபி ராம் ஸ்டிக் ஒன்று. ராமைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவரைக்கும் நினைத்தது தவறில்லை.

பேருந்து நிலையம் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஷபானாவிடம் போனேன். என்னைவிட இளையவள். பழைய எட்டைக் கழற்றிவிட்டுப் பதினாறு ஒன்று போடச் சொன்னேன்.

"இன்னொரு ஸ்லாட் காலியாத்தான் இருக்குதுக்கா. பழசும் இருக்கட்டுமே?"

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது பட்டுச் சேலை வியாபாரம். தறியிலிருந்து வரும் ஒவ்வொரு சேலையையும் என் மாமியார் ஜரிகையைத் தடவி, பட்டைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் அலமாரியில் வைப்பார். சந்தேகம் வந்தால் ஒரே வார்த்தை: "கலப்பு." அந்தச் சேலை அப்படியே திரும்பிப் போகும். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு, வேறு வேறு கம்பெனி ஸ்டிக்குகளை, வேறு வேறு அளவில், பழசும் புதுசுமாக ஒரே லேப்டாப்பில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. சுத்தமாக ஒன்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கழற்றிய எட்டு ஜிபியைப் பத்திரமாக ஒரு பட்டுத் துண்டில் சுற்றி, மாமியாரின் சேலை அலமாரியில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தேன். படம் அதே இடத்தில் நின்றது. டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸுக்குக் கிடைக்கும் மெமரி முன்பைவிட இரு மடங்கு காட்டியது. இரு மடங்கு இருந்தும் படம் ஏன் நகரவில்லை? எடிட்டிங் சாஃப்ட்வேர் கோளாறா, கிராஃபிக்ஸை இயக்கும் டிரைவர் புரோகிராம் பழசா, மின்விசிறிக்குள் தூசியா? ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். டிரைவரைப் புதுப்பித்தேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். மகள் கீபோர்டில் ரசம் சிந்தினாளே, அதுவாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

ஸ்டுடியோ லேப்டாப்

அடுத்த கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கை வாங்க மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே முரளி அண்ணா ஒரு லேப்டாப்பில் எடிட் செய்துகொண்டிருந்தார். என்னுடைய அதே மாடல், அதே பிராசஸர். கலர் போட்ட படம் தடங்கல் இல்லாமல் ஓடியது. இதில் ராம் எவ்வளவு என்று கேட்டேன்.

"என்னமோ எட்டோ, பன்னெண்டோ. யாருக்கும்மா தெரியும்?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டேன். மொத்தம் எட்டுதான். என்னுடையதில் பாதி. அதே பக்கத்தில் கீழே, ஸ்லாட் இரண்டில் இரண்டும் பயன்பாட்டில் என்று இருந்தது. நான்கும் நான்குமாக இரண்டு ஸ்டிக். என்னுடையதில் அந்த இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தது நினைவுக்கு வந்தது. பலமுறை பார்த்த வரிதான், படித்ததில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ராமிலிருந்து தகவல் போவதற்கு இரண்டு சேனல் இருக்கிறது. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இது அவ்வளவாகத் தெரியாது. என் லேப்டாப்பில் படமும் அந்த ஒரே வழியில்தான் போய்வர வேண்டும். நான் கிடங்கைப் பெரிதாக்கியிருக்கிறேன், வாசலை அல்ல. புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பதினாறையும் எட்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதில் ஆளுக்கொரு பதில் எழுதியிருந்தார்கள்.

பட்டுத் துண்டு

மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஷபானாவிடம் போய்ப் பட்டுத் துண்டைப் பிரித்தேன். அவள் முகம் மாறியது.

"இதுலயாக்கா சுத்தி வெச்சீங்க?"

"மெத்துனு இருக்கும்னு..."

"பட்டு உரசினா ஸ்டாட்டிக் வரும்கா. கண்ணுக்குத் தெரியாது. இது செத்திருந்தாலும் செத்திருக்கும்."

எங்கள் வீட்டில் விலை உயர்ந்த எதையும் பட்டில் சுற்றித்தான் வைப்போம். அது தப்பாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டும் டிடிஆர் ஃபோர் என்ற ஒரே வகைதானா என்று பார்த்தாள். வேகம் வேறாக இருந்தால் குறைந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கிக்கொள்ளும் என்றாள். அளவு சமமாக இல்லாததால் பதினாறு ஜிபி வரைக்கும் இரண்டு சேனலில் ஓடலாம், மீதி ஒன்றில் ஓடலாம், தனக்கும் நிச்சயமில்லை, போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். போட்டாள். ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. நான் மகளின் கையை அவள் சிணுங்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன். ராம் மாற்றினால் முதல் தடவை ஆன் ஆக நேரம் எடுக்கும் என்பதை ஷபானா என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு வெளிச்சம் வந்தது.

புதுக் கல்யாணத்தின் முகூர்த்தக் காட்சியைக் கலர் போட்டு அங்கேயே ஓட்டினேன். மேளமும் கையும் ஒன்றாக வந்தன. மூன்று முடிச்சையும் எண்ண முடிந்தது.

இருந்தாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. இடையில் டிரைவரையும் மாற்றியிருந்தேனே, இது எதனால் சரியானது? பழைய ஸ்டிக்கைக் கழற்றி ஒருமுறை பார்க்கச் சொன்னேன். ஷபானா பெருமூச்சு விட்டுவிட்டுக் கழற்றினாள். படம் நின்றது. மாட்டினாள். ஓடியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம்தான் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப் என்றால், எத்தனை ஜிபி என்று கேட்கும் முன் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் சமமான இரண்டாகப் போடுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்றினால் எது சரி செய்தது என்று என்னைப் போலக் குழம்புவீர்கள்.

வீடியோ பார்த்துவிட்டு முரளி அண்ணா போன் செய்தார். மகள் மடியில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கை அழகா வந்துகீதும்மா. வீட்லயே பண்ணு. புது லேப்டாப் வாங்கிட்டியா?"

"இல்லண்ணா. பழசையும் புதுசையும் கலந்துட்டேன்."

சேலை மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

"எதம்மா கலந்த?" என்றார்.