மூன்று பக்கத் தொட்டி

சிமெண்டு கொடுத்தவரைத்தான் இன்றைக்கும் எங்கள் தெருவில் புகழ்கிறார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

முதலியார்பேட்டையில் செல்வாம்பாளுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு பழைய ஓட்டு வீடு. மில்லில் வேலை பார்த்த புருஷன் போனபிறகு, பெரிய மார்க்கெட்டில் கீரை விற்று மகள் ஜெயத்தைக் கட்டிக்கொடுத்தாள். எழுபத்தொன்பதில் ஜெயத்துக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தானே பிறக்கவேண்டும்? சம்பந்தி மணியம்மாள் வந்து அறையைப் பார்த்தாள்.

"செவுரு இப்பிடி ஊறிக் கெடக்குது. பச்சப்புள்ளய எங்க போடுவ? இதுக்கு நாங்க அனுப்பமாட்டோம்."

அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் சக்கரபாணி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்; அதனால் தெருவுக்கு அவர் 'சொல்தா', அதாவது சிப்பாய். சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். தள்ளிக் கட்டச் சொல்லிச் செல்வாம்பாள் கேட்டாள். பர்மிட் இல்லாமல் சிமெண்டு கிடைக்காத காலம். அவரோ ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

"பூசிக்க செல்வாம்பா. எல்லாம் சரியாப்பூடும்."

தெருவே வாய் பிளந்தது. மனுஷன்னா இவர்தான்!

இடுப்புயரத்துக்குப் பூசினாள். மாதம் திரும்புவதற்குள் ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி உப்புப் பூத்தது. தொட்டால் செங்கல் மாவாக உதிர்ந்தது. கொத்தனார் காத்தவராயன் பூச்சைக் கொத்தி, அரித்த கல் ஒன்றை உருவிப் பார்த்தார்.

"தொட்டிக்கு மூணு பக்கந்தான் கட்டியிருக்காரு. நாலாவது பக்கம் ஒன் செவுருதான்."

செல்வாம்பாள் நேரே சொல்தா வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, அரிச்ச கல்லயெல்லாம் எடுக்கப்போறேன். தொட்டிய காலி பண்ணிக்குங்க."

"பொதுச் செவுருல கைய வெப்பியா? சிமெண்டு குடுத்த நன்றி இருக்குதா ஒனக்கு?"

"ஒங்க தண்ணிய என் ரூம்புல ஊத்திட்டு, தொடைக்கத் துணி குடுத்தீங்க. அதுக்கு நன்றி வேறயா?"

அவர் காலி செய்யவில்லை. விளிம்புவரை நிரப்பி வைத்தார்! செல்வாம்பாள் பாய், பானையெல்லாம் வெளியே தூக்கி வைத்துவிட்டு, கொத்தனாரிடம் "எடுங்க" என்றாள். சொல்தாவின் தண்ணீர் அவள் அறை வழியாக ஓடித் தெருவுக்கு வந்தது. காத்தவராயன் முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்ட கல்லை எடுத்துச் சுண்ணாம்புக் காரையில் புதுக் கல் வைத்தார். கணுக்காலளவு சேற்றில் நின்று கல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"பொம்பளைக்கு இவ்ளோ ஆவாது" என்றது தெரு. அடுத்தவள் சுவரில் தொட்டி கட்டிய ஆளை ஒரு வாய், ஒரே ஒரு வாய் கேட்கவில்லை.

வளைகாப்பு முடிந்து மணியம்மாள் ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் ஈரமாத்தான இருக்குது?"

"அது தொட்டித் தண்ணி ஊறுன ஈரம். இப்ப தொட்டி காலி. இது வேல செஞ்ச ஈரம், சம்மந்தி. காஞ்சிடும்."

"காயட்டும். காஞ்சப்புறம் அனுப்புறோம்."

ஜெயம் பையைக் கீழே வைத்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மெதுவாக அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கெளம்புங்க அத்த. பஸ்சு போயிடும்."