டெப்போவின் ஒற்றைத் துண்டு

காக்கா குறுக்கே பறந்தாலும் பிரேக்கை மிதித்துவிடுவார் என்பதால், பஸ் டெப்போவில் அந்த டிரைவருக்கு 'பிரேக்கு' என்றே பேர் நிலைத்துவிட்டது. அவர் சிரித்தால் பின்சீட்டு வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக உம்மென்று, சீட்டின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி வண்டி ஓட்டினார். பின்தொடையில், சரியாகச் சீட்டில் படுகிற இடமாகப் பார்த்து ஒரு கட்டி.

உடம்புச் சூடு என்று நினைத்துக் களிம்பு தடவினார். கண்டக்டர், தன் கைக் கட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டு மிச்சம் வைத்திருந்த மாத்திரையைக் கொடுத்தார். அதையும் விழுங்கிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் இருந்த கட்டி எலுமிச்சம்பழமானதுதான் மிச்சம், காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

மனைவி விடவில்லை. "வண்டியில லேசா ஒரு சத்தம் வந்தாக்கூட ஷெட்டுக்கு ஓடுறீங்க. உடம்பு மட்டும் தானா சரியாயிடுமா?" என்று கேட்டு ஆட்டோவில் ஏற்றினாள். அதிலும் அவர் ஒருக்களித்தே போனார்.

டாக்டரம்மா கட்டியைக் கீறிச் சீழை எடுத்து, கொஞ்சம் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் விளக்கினார். வழக்கமான மாத்திரைக்கெல்லாம் மசியாத கிருமியாம். அதற்குக் கேட்கிற மருந்து வேறு இருக்கிறது, ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் கட்டி உண்டா என்று விசாரித்தார். கண்டக்டருக்குக் கையில், மெக்கானிக்குக் கழுத்தில், டைம்கீப்பருக்கு வெளியே சொல்ல முடியாத இடத்தில் என்று பிரேக்கு ஒப்பித்தார்.

"எல்லாரும் சேர்ந்து புழங்குற பொருள் ஏதாவது இருக்கா?"

ஓய்வறை ஆணியில் தொங்கும் துண்டு அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. குளித்தாலும் முகம் கழுவினாலும் அத்தனை பேரும் அதில்தான் துடைப்பார்கள். வாங்கும்போது அது என்ன நிறம் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

புண் ஆறும்வரை கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். மருந்தை முழுசாக முடித்தார். வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தத் துண்டைக் குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டார். கட்டி இருந்தவர்களை விரட்டி விரட்டி டாக்டரம்மாவிடம் அனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் போனார்கள்.

இனி ஆளுக்கொரு துண்டு என்று முடிவானது. ஆனால் பழக்கதோஷம், கைக்கு எட்டியதில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் பார்த்துவிட்டுப் பிரேக்கு ஒரு புதுத் துண்டோடு வந்தார். ரோஸ் நிறம், நிறைய மஞ்சள் வாத்துகள்.

குழந்தைத் துண்டைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டாரா என்று மெக்கானிக் கேட்டார்.

"என்னுதுதான். இதை எடுத்துத் துடைக்க உங்களுக்கு வெட்கமா இருக்கும்ல? அதுக்குன்னே பார்த்து வாங்கினா என் பொண்டாட்டி."

டைம்கீப்பர் துண்டை உற்றுப் பார்த்தார். இதே மாதிரி மீன் போட்டது கிடைக்குமா என்று மெதுவாக விசாரித்தார்.