சரளை கொட்டிய ஓரம்

சாலையைக் கெடுப்பது வண்டி இல்லை, தண்ணீர்தான் என்று எங்கள் கவுன்சிலுக்குப் புரியவைக்க மலாக்கி டோலனுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. அவன் எஞ்சினியர் இல்லை, என்னைப் போலச் சாலைக் கூலிதான். அயர்லாந்தில், மேயோ மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மழை விட்டால்தான் செய்தி. ஓரத்துப் புல்மேட்டை ஒரு முழ அகலத்துக்கு வெட்டிவிட்டால், சாலையில் நிற்கும் தண்ணீர் பள்ளத்தில் இறங்கிவிடும். அப்படி வாய்க்கால்கள் எத்தனை, எது எப்போது தூர்ந்துபோகும், எதை எந்த வாரம் திறக்க வேண்டும் என்று எங்கள் பொறுப்பில் இருந்த பதினான்கு மைலுக்கும் திட்டம் எழுதி வைத்திருந்தான்.

"எட்டு வருஷத்துல உடையுற தார் இருபது வருஷம் கிடக்கும்டா ஜார்லத்" என்பான். நாங்கள் அவனை வாய்க்கால் போப்பாண்டவர் என்று கிண்டல் செய்வோம். "ஆமா, வந்து மோதிரத்துக்கு முத்தம் கொடு" என்று சேற்றுக் கையை நீட்டுவான்.

கடைசியில் கவுன்சில் மனமிறங்கியது. மூன்று குளிர்காலம் பார்ப்போம், சாலை தாங்கினால் மாவட்டம் முழுக்க இதே திட்டம்தான் என்றார்கள். இரண்டு குளிர்காலம் ஒரு விரிசல் இல்லை.

மூன்றாவது வருடம் செப்டம்பரில் அவன் மனைவி டெர்வ்லா செத்துப்போனாள். கணையத்தில் புற்றுநோய். தெரிந்ததிலிருந்து ஐந்தே வாரம்.

எங்கள் பக்கம் சாவு என்றால் ஊரே திரண்டு வரும். உடலை வீட்டில் வைத்திருக்கும் இரண்டு நாளும் கார் நிறுத்த இடம் பார்ப்பது அக்கம்பக்கத்து ஆண்களின் வேலை. அவன் வீட்டு முன்னால் அரை மைலுக்குப் புல்மேடு சொதசொதவென்று கிடந்தது. யாரையும் கேட்காமல் கவுன்சில் லாரியிலேயே நடை நடையாகச் சரளை கொண்டுவந்து நான்தான் கொட்டினேன். அந்த அரை மைலில் இருந்த பதினேழு வாய்க்காலும் மூடிப்போயின. சாலை வேலையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய எனக்கு, அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. வருகிறவர்கள் சேற்றில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் புத்தியில் இருந்தது. மலாக்கி வெளியே வந்து சரளையைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அக்டோபரில் வாய்க்கால் திறக்கும் வேலை வந்தது. மற்ற இடமெல்லாம் முடித்துவிட்டு அவன் வீட்டு முன்னால் மண்வெட்டியோடு நின்றேன்.

"இதையும் திறந்துடலாமா?"

"இப்ப வேணாம்டா."

"மழை வந்துரும் மலாக்கி."

"அவளைத் தூக்கிட்டுப் போறப்ப எல்லாரும் இங்கதானடா நின்னாங்க. என்னால முடியல. கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

கொஞ்ச நாள் மார்ச் வரை போயிற்று. அவன் இல்லாத நேரம் பார்த்து நானே திறந்திருக்கலாம். எனக்கும் மனசு வரவில்லை. தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கி, பனியில் உறைந்து உப்பி, அந்த அரை மைலும் பிஸ்கட்டாக நொறுங்கியது. மற்ற பதிமூன்றரை மைலில் ஒரு கீறல் இல்லை.

எஞ்சினியர் ஹெஃபர்னன் காரை விட்டு இறங்காமலே உடைந்த தாரை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கவுன்சில் கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஹெஃபர்னன் கேட்டார்.

"உங்க வீட்டு வாசல்லயே தாங்கலயே டோலன்? அங்க வாய்க்கால் எல்லாம் திறந்துதான இருந்துச்சு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திறக்காத இடம் மட்டும் உடைந்தது என்றால் அவன் திட்டத்துக்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் மூடியது யார் என்று அடுத்த கேள்வி வரும். கவுன்சில் லாரி, கவுன்சில் சரளை. என் வேலை போய்விடும். மலாக்கி என் பக்கம் திரும்பவே இல்லை.

"திறந்துதான் இருந்துச்சு சார். பதினேழையும் நானே திறந்தேன்."

"அப்ப கோளாறு திட்டத்துலதான்" என்று ஹெஃபர்னன் கோப்பை மூடினார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏன்டா அப்படிச் சொன்னே? பதினோரு வருஷம்டா! பாவி, பதினோரு வருஷம்!" வெளியே வந்து கத்துவதற்கு மட்டும் எனக்கு வாய் இருந்தது.

"அவளுக்காகக் கொட்டின சரளைடா. அதைத் தப்புன்னு அந்த ஆள் வாயால கேக்க எனக்குத் தெம்பில்ல" என்றான். "வண்டியை எடு. பசிக்குது."

மறுநாளாவது நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் ஓய்வு பெறும் வரை இன்னும் ஆறு வருடம் ஒரே லாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவன் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை.