பக்கத்து சீட்டில் வேன் அக்கா

ஊரில் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். 'வேன் அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அடம்பிடித்து அழுகிற பிள்ளைகூட அவள் வேனில் ஏறியதும் கப்சிப் ஆகிவிடும். கல்யாணமான புதிதில் கணவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். "கிளட்ச மெதுவா விடுங்க. அது என்ன உங்க எதிரியா, இந்த மிதி மிதிக்கிறீங்க?" என்று அவள் கத்திய கத்தலில், மைதானத்தில் பந்து விளையாடியவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வெளிநாட்டுக்கு வந்ததும் கணவன் ஒரு பழைய கார் வாங்கினான். இருவரிடமும் இருந்தது ஊர் லைசென்ஸ். இரண்டு பெயரையும் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணம் எங்கேயோ போனது.

"இப்போதைக்கு என் பேர்ல மட்டும் எடுப்போம்மா. உன்ன அப்புறம் சேத்துக்கலாம்" என்றான்.

கைக்குழந்தையோடு எங்கே போகப்போகிறோம் என்று அவளும் தலையாட்டினாள். ஊர் லைசென்ஸை இந்த நாட்டு லைசென்ஸாக மாற்றிக்கொள்ள ஒரு வருடம்தான் கெடு. அவன் மாற்றிக்கொண்டான். அவளுடையது, குழந்தைக்குக் காய்ச்சல், வீடு மாற்றம் என்று தள்ளிப்போய், அலமாரியில் சேலைகளுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

மகள் பெரியவளாகிப் பள்ளிக்குப் போனாள். அந்தப் பள்ளியிலேயே வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். அன்று அவள் நடையே மாறிவிட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொண்டால் வேலை அவளுக்குத்தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஒரு பெண் இருந்தாள்.

"இங்க எத்தன வருஷமா ஓட்டுறீங்கக்கா?"

"ஊர்ல வேனே ஓட்டினேன்மா. ஒரு கீறல் விழுந்ததில்ல."

"அது சரிக்கா. இங்க?"

"இங்க... பக்கத்து சீட்டுதான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்பதுபோல் கணினிப் பக்கம் திரும்பினாள்.

"லைசென்ஸ் மாத்துற காலம் முடிஞ்சிடுச்சுக்கா. முதல்லருந்து கத்துக்கிட்டு டெஸ்ட் பாஸ் பண்ணணும். பண்ணாலும் புது டிரைவர்னுதான் கணக்கு. புது ஆள் பிள்ளைங்க வேன் ஓட்ட நாங்க இன்சூரன்ஸ் தரமாட்டோம், சில வருஷம் போகணும். வந்தப்பவே லைசென்ஸ மாத்தி, கார் இன்சூரன்ஸ்ல உங்க பேரையும் சேத்திருந்தா, இத்தன வருஷமும் கணக்குல வந்திருக்கும்..."

வெளியே கணவன் காரில் காத்திருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"மறுபடியும் எல் போர்டாம்."

அவன் முகம் வாடிப்போனது. "எல்லாம் என்னாலதான்."

"நான் மட்டும் வாயத் தொறந்து கேட்டேனா?"

கார் கிளம்பியது. பிறகு அவன், உண்மையான அக்கறையோடுதான், "கவலைப்படாதம்மா, நானே உனக்குக் கத்துத் தரேன்" என்றான்.

அவள் கண்கள் சாலையிலேயே இருந்தன. முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அவன் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே, அவளுடைய வலது கால் காலடியில் கிடந்த வெறும் விரிப்பை அழுத்திவிட்டிருந்தது.