பால்ராஜ் அண்ணன் கண்ணில் நாங்கள் தேடிய க்ளைமாக்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை சாலைக் கடைத்தெருவில், நான் வேலை பார்க்கும் செல்போன் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் திரைப்படக் குழுவின் வாட்ஸ்அப்பில் வினுவின் செய்தி வந்தது. "பால்ராஜ் அண்ணன் போயிட்டாரு." அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் யாரோ ஒரு போட்டோவைப் போட்டிருந்தார்கள். அண்ணன் எங்கள் குழுவுக்குக் கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அவர் கண்களை மட்டும் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். "கண்ணு மஞ்சளா இருக்குது பாருங்க. எனக்கு அன்னிக்கே டவுட்டு."

அதற்குப் பிறகு சண்டைதான். "அன்னிக்குப் போட்ட அந்தப் படம்தான் ஆளைக் கவுத்துட்டு" என்று ஒரு கட்சி. "படத்தைக் குறை சொல்லாதீங்க, ஆளு வீக்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒன்றை மட்டும் கேட்கவில்லை: அவர் எதனால் இறந்தார்? நானும் கேட்கவில்லை. அந்த போட்டோவை இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் பார்த்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: நாங்கள் சாலைக் கடைத்தெருவிலேயே ஒரு ஹார்டுவேர் கோடவுனின் மாடியில் ஞாயிறு மதியம் கூடிப் படம் பார்க்கிறவர்கள். எல்லாம் இருட்டுப் படங்கள். குடி, ஊசி, மாத்திரை, சூதாட்டம் என்று ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதைக் காட்டும் படங்கள். பார்த்துவிட்டு நான் வீடியோவில் விமர்சனம் பேசுவேன். சினிமாவை எங்கேயும் போய்ப் படித்தவள் இல்லை. போனில் பார்த்துக் கற்றதுதான். பால்ராஜ் அண்ணன் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். முதல் நாளே எழுந்து நின்று, "நான் பெருங்குடிகாரனா இருந்து குடிய விட்டவன். எனக்கு முன்னால பாத்துப் பேசணும்னு யாரும் நெனைக்காண்டாம்" என்றார். சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து அவரை ஒரு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

படம் முடிந்ததும் யாரும் தனியாகப் போகக் கூடாது, எல்லோரும் கீழே சாயா குடித்துவிட்டுத்தான் கலைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவரே முதலில் இறங்கி வாசலில் நின்றுகொள்வார். இடது பக்கம் சாயாக்கடை. வலது பக்கம் போனால் மதுக்கடை வரிசை. "விமர்சனம் எல்லாம் மேல இல்லம்மா, யாரு எந்தப் பக்கம் திரும்புறாங்கிறதுல இருக்கு" என்பார். ஒருநாள் வினு நைசாக வலது பக்கம் திரும்பினான். ஒரு தாய் தன் மகனைக் குடியில் பறிகொடுக்கும் படம் அது. எங்களில் பாதிப் பேர் அழுதிருந்தோம்.

"எடா, எங்க?"

"ஒண்ணுமில்ல அண்ணா. மனசு ஒரு மாதிரி இருக்கு. ஒரு பெக்..."

"திட்ட மாட்டேன், சொல்லு. எந்த சீன்ல தோணிச்சு? அம்மா அழுததுலயா?"

வினு தலையைச் சொறிந்தான். "இல்லண்ணா. அந்த ஐஸ் போடுற சீன்ல."

சாயாக்கடைக்காரர் உட்படச் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. "பாத்தியா, க்ளாசுக்கு அடியில லைட்டு வச்சு எடுத்திருக்கான். சாவுக்கு அவ்வளவு லைட்டு வைக்கல" என்றார்.

அவருடைய இந்த அக்கறை மேல் எங்களுக்கு நம்பிக்கை வரவே இல்லை. போதை மீட்பு மையம் எதற்கோ ஆள் பிடித்துக் கொடுக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வாய்த்துடுக்கில் நான் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணே, ஆளுக்கு எவ்வளவு கமிஷன்?"

"லாட்ஜுக்கு ஆளைக் கொண்டு வந்தா ஆட்டோக்காரனுக்குக் கமிஷன் உண்டு. குடிய விட்டவனைக் கொண்டு வந்தா யாரும்மா தருவா? அவன் ரூம் எடுத்தா ஒரு சோடாகூட வாங்க மாட்டான்."

என்னுடைய வீடியோக்களையும் அவர் விடவில்லை. "மக்களே, உடம்பே நடுங்கிடுச்சு!" என்று நான் ஆரம்பித்திருந்த ஒன்றின் கீழே, "நடுங்கினது படத்துக்கா, வீடியோவுக்கா?" என்று எழுதியிருந்தார். எரிச்சலாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவரைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சந்தேகம் இருக்கிறவர் வாராவாரம் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"குடிச்ச காலத்துல என் மூஞ்சி எப்படி இருந்துதுன்னு என் பொஞ்சாதி பாத்திருக்கா. பிள்ளை பாத்திருக்கு. நான் பாத்ததில்லல்லா? இங்க வந்து பாக்கேன்" என்றார். பிறகு அவரே, "ஆனா ஒண்ணு. இந்தப் படமெல்லாம் குடிகாரனுக்காக எடுக்கிறது இல்ல. குடிகாரனை வேடிக்கை பாக்கிறவனுக்காக எடுக்கிறது. அவனுக்கு ஆளு கடைசியில விழணும். இல்லேன்னா டிக்கெட் காசு போச்சுன்னு நெனைப்பான்" என்றார்.

அவர் வந்த கடைசி ஞாயிறு நாங்கள் போட்ட படத்தில் ஆள் விழுந்தான். குடியை விட்டு, வேலைக்குப் போய், வீடு கட்டியவன். ஒரு காலையில் கண்ணாடியில் அவன் கண் மஞ்சளாகத் தெரியும். அவன் மனைவி பின்னால் வந்து நின்று அதைப் பார்ப்பாள். அவ்வளவுதான், அவன் மறுபடி குடிக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். வசனமே கிடையாது. நான் கைதட்டினேன். விளக்கைப் போட்டதும் பால்ராஜ் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரும்பினார். அதே மஞ்சள். பார்த்தவர்கள் எல்லோரும் சட்டென்று போனைக் குனிந்து பார்த்தோம். கீழே வந்ததும், "சாயா வேண்டாம்டே, வாய் கசக்குது" என்று ஆட்டோ ஏறினார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறியது அன்றுதான். ஆட்டோ திரும்பும் வரை காத்திருந்து வினு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஏன் என்று யாரும் போன் செய்யவில்லை. தெரிந்த கதைதானே என்று இருந்துவிட்டோம்.

அடக்கத்துக்கு மறுநாள் கிள்ளிப்பாலத்தில் அவர் வீட்டுக்கு வினுவும் நானும் போனோம். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். வினு மெதுவாக அடுக்களைப் பின்பக்கம் நகர்ந்தான்.

"வினு, அங்க என்ன நோக்குறே? குப்பியா?"

"கை கழுக வந்தேன் அக்கா."

"பைப்பு இந்தப் பக்கம்."

வினு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா தன் போனை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினார். அடுத்து வரவிருந்த ஞாயிறு அஞ்சலியாக அதே படத்தை மறுபடி திரையிட எங்கள் குழு செய்திருந்த போஸ்டர். அண்ணனின் முகம், கீழே "அவர் வாழ்ந்த படம்". அது கைமாறிக் கைமாறி அவர் மகளின் ப்ளஸ் டூ வகுப்பு வரைக்கும் போயிருந்தது.

"க்ளாஸ் பிள்ளைங்க போன்ல அனுப்பினதைப் பாத்துட்டுக் கேக்கா, அப்பா பின்னயும் குடிச்சாராம்மான்னு. பக்கத்துல படுத்தவ நான், எனக்குத் தெரியும். அவளுக்கு நான் எதைக் காட்டுவேன்? அப்பன் குடிய விட்டதுதான் அவளுக்கு மொத்தச் சொத்தும், கேட்டியா?"

பிறகு அக்கா சொன்னது இது. மழையில் தம்பானூர் முங்கியபோது லாட்ஜின் கீழ்த்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர். தங்கியிருந்தவர்களின் பெட்டிகளை அண்ணன் வெறுங்காலோடு மேலே ஏற்றினார். குதிகாலில் ஏற்கெனவே வெடிப்பு. சில நாளில் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, பிறகு கண்ணில் மஞ்சள். எலிப்பனி. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்பார்களே, அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் நின்றுபோயிருந்தது.

"கொஞ்சம் முன்னாலயே போயிருக்கலாமே அக்கா" என்றேன்.

"கூப்பிட்டேன் மோளே. வர மடிச்சுக்கிட்டு, இன்னிக்கு நாளைன்னு இருந்தாரு. போனா முதல்ல குடிப்பீங்களான்னுதான் கேப்பாங்க, இல்லேன்னு சொன்னா மூஞ்சியப் பாப்பாங்கன்னாரு. அங்கயும் அதே மாதிரிதான் கேட்டாங்க. உங்க படத்துலேருந்து வந்த அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, 'எடி, எல்லாரும் என்னைய க்ளைமாக்ஸ் பாக்கிற மாதிரி பாத்தானுவ'ன்னு."

அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் புருவம் தூக்கியது உட்பட.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "சத்தியமா சொல்லு. நீயும் அதுதான நெனைச்சே?"

"ஆமா அக்கா."

கையை விடவில்லை. "அப்ப நீயே எழுது. நான் எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அதனால் எழுதுகிறேன். போஸ்டரை எடுத்தாயிற்று, திரையிடலும் இல்லை. அந்தப் படம் இன்றும் எனக்குப் பிடித்த படம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்கு ஒரு மனிதனைப் புரியவைத்தது என்று வீடியோவில் சொன்னேன் பாருங்கள், அதை இப்போது நம்பவில்லை. அது எனக்கு ஒரு முடிவை மட்டும் சொல்லிக்கொடுத்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காய்ச்சலோடு நின்ற ஒருவர் மேல் வைத்தேன். படங்கள் மேல் அண்ணனுக்கு இருந்த சந்தேகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதைப் படத்தின் மேல் வைப்பதற்கு முன்னால், படம் பார்த்துவிட்டு வெளியே வருகிற என் கண்ணின் மேல் வைப்பேன்.

அவர் மகளுக்கு, போஸ்டர் போய்ச் சேர்ந்த எல்லா போன்களுக்கும்: பால்ராஜ் எலிக்காய்ச்சலில் இறந்தார். குடியை விட்டவராகவே இறந்தார்.