கைப்பேச்சுக்காரி அம்ருதா

பாலக்காட்டுக் கல்பாத்தியில் அம்ருதா வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் இருந்தால் தரையில் காலால் ஓங்கி ஒரு தட்டு. அடுத்த அறை என்றால் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார்கள். அப்பா ராமபத்ரனுக்கும் அம்மா தர்மாம்பாளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அம்ருதாவுக்குக் கேட்கும். அவள் முதலில் பேசியது கையால்தான். வாயால் பேசியது அதற்கு ஒரு வருஷம் கழித்து, எதிர்வீட்டு மாமியிடம்.

அந்த வீட்டில் பாத்திரம் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிரைண்டர் ஓடுகிறதா என்று அம்மா உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால் நான்கு கைகளும் காற்றில் பறக்கும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் சண்டை அப்படியே நின்றுவிடும். வெளிச்சம் திரும்பி வருவதற்குள் இரண்டு பேருக்கும் கோபம் பாதி ஆறியிருக்கும். இப்போதும் மின்சாரம் போகும்போதெல்லாம் அம்ருதாவுக்கு அதுதான் ஞாபகம் வரும். தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

ராமபத்ரன் கஞ்சிக்கோட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தர்மாம்பாள் வீட்டிலேயே துணி தைத்தாள். இருவருக்கும் வெளியுலகத்தோடு பேச இருந்த ஒரே வாய் அம்ருதாதான். ஆறு வயதில் ரேஷன் கடை, எட்டு வயதில் பாங்க். "அம்ருதா, ரவிக்கைக்குக் கை செத்தே இறக்கமா இருக்கட்டும்னு அம்மாட்டச் சொல்லுடி" என்று தெருவில் போகிறவர்கள் அவளை நிறுத்திச் சொல்வார்கள். கைப்பேச்சுக்காரி என்று அவளுக்கு ஒரு பெயரும் விழுந்தது. அவளுக்கு அதில் பெருமைதான்.

பதினொரு வயதில் அந்தப் பெருமை போயிற்று. தர்மாம்பாள் இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். ஏழாவது மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் வெகுநேரம் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று அம்ருதாவிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்? அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்கு என்ன சைகை என்று அம்ருதாவுக்குத் தெரியும். கை எழவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, குழந்தை தூங்குகிறது என்று காட்டினாள். தர்மாம்பாள் சிரித்தபடி டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. மகளை அவள் ஒரு சொல் கேட்கவில்லை. அன்றைக்கும் தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டாள். பிறகு எத்தனையோ வருஷம் இருவரும் எத்தனையோ பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. தர்மாம்பாள் இறந்துபோன பிறகு பேசவும் வழியில்லாமல் போயிற்று.

அம்மா போன மறுவருஷம்தான் சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்பது அம்ருதாவுக்குத் தெரியவந்தது. அப்போது அவள் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கராக இருந்தாள். திருச்சூரில் சங்கக் கூட்டம் என்று யாரோ சொல்ல, வேடிக்கை பார்க்கிற மாதிரி போனாள். அங்கே மேடையில் நின்ற பிரதீபா என்ற பெண்மணிக்கும் காது கேட்காது. மொழிபெயர்ப்பாளர் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை ஒவ்வொன்றாகக் கையால் சொல்லிக்கொண்டு வந்தார். சொன்னதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இன்னொருவரிடம் விட்டுவிட்டு ஓய்வெடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் பெற்றோருக்காகக் குழந்தையைப் பேசவைக்கக் கூடாது.

அம்ருதா எழுந்து வெளியே போனாள். கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பின்னாலேயே வந்த பிரதீபா அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்து, உனக்கு எத்தனை வயது அப்போது என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அம்ருதா விரலால் காட்டினாள்: பதினொன்று.

சங்கம் அவளைப் படிக்கவைத்தது. முதல் தேர்வில் தேறவில்லை. அவள் கைகளில் பாதி கல்பாத்தி வீட்டுச் சைகைகள். பரீட்சைக்குக் கேட்பது நாடு முழுக்கப் பொதுவான சைகை. இரண்டாம் தடவை தேறினாள். வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கல்லூரி என்று சங்கம் அனுப்புகிற இடத்துக்கெல்லாம் போனாள். "பழைய சைகையைத் தூக்கிப் போட்டுவிடாதே," என்று பிரதீபா மட்டும் கையால் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அந்தச் சைகைகளைப் பேச ஆளில்லை. தர்மாம்பாள் போனதோடு ராமபத்ரனின் கைகள் மடியில் போய் உட்கார்ந்துவிட்டன. காப்பி, மாத்திரை, கதவைச் சாத்து. மகளோடு அவருக்குப் பேச்சு அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருகாலத்தில் அதே கூடத்தில் பட்டறைக் கதைகளை அவர் சொல்லிச் சொல்லி, அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்ததெல்லாம் அம்ருதாவின் கண்ணில் நிற்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் பிரதீபாவிடமிருந்து செய்தி வந்தது. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவில் பினு என்று ஒரு டெக்னீஷியன், செயற்கைக் கை கால் பொருத்துகிறவர். அப்படிப் பொருத்துகிறவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. நோயாளி ஒருவர் கொடுத்த கையைப் போட மறுக்கிறார், காது கேட்காதவர், என்ன செய்வது என்று அந்தச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பினு கேட்டிருக்கிறார். சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கத்திடம் கேளுங்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அம்ருதா போனாள். நோயாளி அருள்குமாருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு ஊர். பள்ளிக்கூடம் போனதில்லை. கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி செய்கிற இடத்தில் மெஷினில் வலது கையின் நடு மூன்று விரல்களும் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கூட அவன் அம்மா கமலாத்தாள் வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நல்லாத்தானுங்க செஞ்சு குடுத்தாரு. நெசக் கையாட்டமே இருக்குதுங்க. ஊட்டுக்குப் போனதீமு கழட்டி வீசிப்போடறானுங்க. கோவம்னா அப்பிடியொரு கோவம். ஆறு மாசமா என்னையக் கூப்புடறதே இல்லீங்க."

மேஜைமேல் அந்த ரப்பர் கை இருந்தது. மணிக்கட்டுவரை மாட்டிக்கொள்கிற உறை, ஐந்து விரல், நகம்கூட வரைந்திருந்தது.

இதை ஏன் போடுவதில்லை என்று அம்ருதா சைகையில் கேட்டாள். அருள்குமார் தலையாட்டினான். வேறு விதமாகக் கேட்டாள். அதற்கும் தலையாட்டினான். பினு நோட்டில் எழுதப் போனார்.

"எழுதாதீங்க சார்," என்றாள் அம்ருதா. "இவருக்கு நான் சொன்னது ஒண்ணும் மனசிலாகலை. என்னை விட்டாப் போதும்னு ஆட்டற தலை இது. பாங்க் மேனேஜர்கிட்ட எங்கப்பா இப்படித்தான் ஆட்டுவார்."

"பின்ன என்ன செய்யும்?" என்றார் பினு, மலையாளம் கலந்த தமிழில்.

"நான் மட்டும் போதாது. காது கேட்காத ஒருத்தர் கூட இருக்கணும். அவர் இவரோட பேசி எனக்குச் சொல்லணும், நான் உங்களுக்குச் சொல்லணும். எங்க சங்கத்தில அப்படி ஒரு முறை உண்டு."

அங்கிருந்தே பிரதீபாவை வீடியோவில் அழைத்தாள். ஆள் அனுப்ப ஒரு மாதம் ஆகும் என்றார் பிரதீபா. சற்று யோசித்துவிட்டு, உன் அப்பா சும்மாத்தானே இருக்கிறார் என்றார்.

ராமபத்ரன் முதலில் மாட்டேன் என்றார். கஞ்சிக்கோட்டில் மெஷினில் கை போனவன் என்று மகள் சொன்னதும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி எல்லோரும் கூடினார்கள். ராமபத்ரன் அருள்குமாரிடம் எதையும் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து தன் இடது கையை நீட்டினார். அதில் ஆள்காட்டி விரலுக்கு நகம் கிடையாது; லேத்தில் போனது. அருள்குமார் அதைத் தொட்டுப் பார்த்தான். எந்த மெஷின் என்று அவன் கை கேட்டது. இவர் சக்கரம் சுழல்வதையும், கம்பி பாய்வதையும், தான் குதித்ததையும் நடித்துக் காட்டினார். அருள்குமார் சிரித்துவிட்டான். பிறகு அவன் மெஷின். உருளை, அட்டை, உள்ளே போன கை. ராமபத்ரனின் தோளும் புருவமும் கைகளும் ஒன்றாகப் பேசின. அவர் இப்படிப் பேசி, அம்மா போன இந்த எட்டு வருஷத்தில் அம்ருதா பார்த்ததில்லை. பினுவுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு நிமிஷம் அவள் மறந்தே போனாள்.

கடைசியில் ராமபத்ரன் ரப்பர் கையைச் சுட்டினார். அருள்குமார் அதை எடுத்து மாட்டிக்கொண்டான். கமலாத்தாள் பக்கம் திரும்பி, தன் காது மடல் பக்கமாக அந்தக் கையைக் கொண்டுபோனான். விறைத்த ரப்பர் விரல்கள் கன்னத்தில் இடித்தன. கழற்றினான். இப்போது கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும், தோடு திருகுவதுபோல், தன் காது மடலைப் பிடித்து ஒரு திருகு திருகினான். மறுபடி உறையை மாட்டிக்கொண்டு, ராமபத்ரனின் தோளில் கிடந்த துண்டை இடது கையால் உருவித் தன் வாயைச் சுற்றிக்கொண்டான்.

ராமபத்ரன் மகளைப் பார்த்தார். அம்ருதா வாய்விட்டுச் சொன்னாள்: "இந்த உறையைப் போட்டா என் வாயைக் கட்டின மாதிரி இருக்குங்கறார்."

கமலாத்தாளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தோட்டைத் திருகறது என்னையத்தானுங்க," என்றார். "சின்னதுல இருந்து அம்மான்னு அப்பிடித்தான் கூப்புடுவான். நானேதான் தெனமும் அந்தக் கையை மாட்டி உட்டேன். அய்யோ சாமி, எம்பையனோட வாய நானே மூடிப்போட்டனே." மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பினு நோட்டை மூடிவைத்தார். பிறகு, "கை பிடிக்கறதுக்கு, தூக்கறதுக்கு, பாக்க அழகா இருக்கறதுக்குன்னு படிச்சிருக்கேன். பேசறதுக்குன்னு ஒருத்தரும் பறஞ்சதில்லை," என்றார்.

மூன்று வாரத்தில் அவர் வேறொன்று செய்துகொடுத்தார். உள்ளங்கையில் ஒரு வார், அதிலிருந்து நிற்கும் சின்னத் தகடு. கட்டைவிரல் அதோடு சேர்ந்து பொருளைப் பிடிக்கும். வேலை நேரத்தில் மாட்டலாம், இடது கையால் ஒரே இழுப்பில் கழற்றலாம். அருள்குமார் இப்போது அதே கம்பெனியில் மெஷின் இல்லாத பிரிவில் பெட்டி அடுக்குகிறான். அவ்வருஷம் இரண்டு சங்கங்களும் சேர்ந்து பாலக்காட்டில் ஒரு கூட்டம் நடத்தின. கைமொழி பேசுகிறவருக்குச் செயற்கைக் கை பொருத்துமுன் அவர் அதை வைத்துப் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அங்கே எழுதி வைத்துக்கொண்டார்கள். பினுதான் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

அதன்பின் பிரதீபா கேமராவோடு கல்பாத்திக்கு வந்தார். பழைய சைகைகளைப் பதிவு செய்ய. ராமபத்ரன் இரண்டு நாள் உட்கார்ந்து காட்டினார். தேர், வடம், ரேஷன் அரிசி, மேனேஜர். மனைவிக்கு என்ன சைகை என்று பிரதீபா கேட்டபோது ஆள்காட்டி விரலால் மூக்கின் பக்கத்தில் மெல்லச் சுண்டினார். அம்மாவின் மூக்குத்தி. அம்ருதா எழுந்து சமையலறைக்குக் காப்பி போடப் போனாள்.

இப்போது ராமபத்ரனுக்குச் சங்கத்தின் அடையாள அட்டை உண்டு. சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சில வாரம் அருள்குமாரும் வருவான், சும்மா பார்க்க. போன சனிக்கிழமை அப்பாவை அழைத்துவர அம்ருதா போனபோது, பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்பாத்தி வழியாகப் போகிற பஸ் வந்தது, இருவரும் ஏறவில்லை. பத்தடி தள்ளி நின்ற அம்ருதாவுக்கு அவர்கள் பேசுவது முழுக்கத் தெரிந்தது. அருள்குமார் ஏதோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அம்ருதா மெதுவாகத் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.