எங்கள் நாய் போட்டோவுக்கு நின்ற கதை

எங்கள் நாயைப் படமெடுக்கத் தர்மபுரியிலிருந்து கேமராக்காரர் வரப்போகிறார் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஏற்பாடு செய்தது ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் சாக்கடையோரம் கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தவளும் அவள்தான். இப்போது அவள் அறையில் மாட்டப் பெரிய படம் வேண்டுமாம். நாய் தனியாக ஒன்று, அம்மா அப்பாவோடு ஒன்று.

"தனியா எடுக்கறது உன் பாடு. என்னைய இழுக்காத. தெருநாயோட நின்னு போட்டோ புடிச்சா ஊரே சிரிக்கும்" என்றார்.

நாலு வருஷத்தில் அவர் அவனைத் தொட்டதே இல்லை. "சனியனே, தள்ளிப் படு" என்பதுதான் அதிகபட்சப் பேச்சு. மரவள்ளிக் காட்டில் பன்றியை விரட்டுவது அவன், வாசலில் பாம்பைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுவது அவன், திட்டு வாங்குவதும் அவன்தானா? இந்தப் படத்திலாவது இந்த மனுஷனை அவன் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

மூன்று நாள் இருந்தது. முதல் நாள் வேப்பெண்ணெய் தடவி உண்ணி பிடுங்கினேன். காதுக்குள் மட்டும் எத்தனை! மடியில் தலையை வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி கிடந்தான். இரண்டாம் நாள் மோட்டார் தொட்டியில் குளிப்பாட்டினேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. மாட்டுப் பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டிய கை சும்மா இருக்குமா? சோப்புப் போட்ட கையோடு ஒரு கிண்ணம் மஞ்சளைக் குழைத்துத் தலை முதல் வால் வரை பூசிவிட்டேன். அவன் சுத்த வெள்ளை நாய் என்பது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உறைத்தது. உடம்பு முழுக்கக் கேசரி நிறம்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "என்னாத்துக்கு இப்படிப் பண்ண? கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெச்ச மாதிரி இருக்குது" என்றார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "நீங்க வாய மூடிக்கிட்டுப் போங்க" என்று கத்தினேன்.

துணியில் மஞ்சள் கறை பட்டால் என்ன செய்வோம்? சோப்புப் போட்டு வெயிலில் காயவைப்போம். அதையே செய்தேன். மூன்றாம் நாள் காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் அவனைக் களத்தில் உட்காரவைத்து நானும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு முறை சோப்பு. பொழுது சாய்வதற்குள் பழைய வெள்ளை திரும்பிவிட்டது. காதோரம் மட்டும் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது, போங்கள்.

மறுநாள் காலை கேமராக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். "என்ன பிரீடுங்கக்கா?" என்றார்.

"நாட்டு நாய்தான். ஏன், படத்துல விழாதா?" என்றேன். அந்த மனிதர் அவசரமாகக் கேமராவை வெளியே எடுத்தார்.

கழுத்தில் புதுச் சிவப்புப் பட்டையோடு அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்தான். நெஞ்சை நிமிர்த்தி, காதைத் தூக்கி, கேமராவை நேராகப் பார்த்தான். கலெக்டர் கெட்டார் போங்கள். "ஊசி போட்ட மாதிரி அசையாம இருக்கறானேக்கா" என்று கேமராக்காரரே அசந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகள் பத்தாவது பாஸானபோதுகூட நான் அப்படி நின்றதில்லை, சத்தியமாக.

அடுத்து நாங்களும் சேர்ந்து நிற்கிற படம். மகள் போனில் ஒரு அதட்டல் போட்டதும் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் நாய். அப்பாடா, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேமராக்காரர் "ரெடி" என்றதுதான் தாமதம், இவர் சட்டென்று விலகிப் போய்விட்டார்.

"வேணாங்க. இப்படி எடுக்க வேணாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "வெளியாள் முன்னாடி அவன அசிங்கப்படுத்தறீங்களா? அப்படி என்ன கேவலமாப் போச்சு? பக்கத்துல நின்னா ஒட்டிக்குமா?" என்று பொரிந்து தள்ளினேன்.

"அட இவளே, கத்தாத" என்றார். "மூணு பேரா நின்னு போட்டோ புடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? ஒருத்தருக்கு ஆவாது."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பயம் உண்டு. மூன்று பேராக நின்று படமெடுத்தால் அதில் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்பார்கள். கல்யாண வீட்டில்கூட மூன்று பேர் நின்றால் யாரையாவது கைப்பிடித்து இழுத்து நாலாக்கிவிடுவார்கள்.

கேமராக்காரர் சிரித்துவிட்டார். "நாய்தானுங்கண்ணா, அதெல்லாம் கணக்குல வராதுங்க."

"அதெப்படிங்க வராது?" என்று இவர் சண்டைக்குப் போகிறமாதிரி கேட்டார். "இந்த வூட்ல மூணு பேருதான இருக்கறோம்!"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் கொட்டகைக்குப் போய், பிறந்து ஒரு மாதமான கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் நிறுத்தினார். கன்றைப் பார்த்ததும் நாய் எழப் பார்த்தான். "டேய், உக்காருடா" என்று அவன் தலைமேல் கையை வைத்து அழுத்தினார். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவர் கையை எடுக்கவில்லை. படம் அப்படித்தான் விழுந்தது.

படம் கிடைத்த அன்றைக்கே மகள் போன் செய்தாள். "அப்பா, நம்ம குடும்பப் போட்டோல கன்னுக்குட்டி எதுக்குப்பா?"

"நீ ஓசூர்ல இருந்துக்கிட்ட" என்றார். "ஆளு பத்தலம்மா."